தொடை எலும்பின் திறந்த முறிவு

மனித உடலிலுள்ள எலும்புகள் யாவற்றிலும் நீண்டதும் வலிமை மிக்கதும் தொடை எலும்பேயாகும். ஒருவரது உயரத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு அதன் நீளம். திடகாத்திரமான ஓர் ஆளுக்கு அது முறிய வேண்டுமாயின் பெரும் விசை தாக்கியிருத்தல் வேண்டும். நசரத்பேட்டை, செம்பரம்பாக்கம் வழியே செல்லும் பெங்களூர் நெடுஞ்சாலையிலும், அம்பத்தூர், ஆவடி வழியே திருவள்ளூர் செல்லும் சாலையிலும் லாரிகளுக்கிடையே இரு சக்கர வண்டியில் செல்வோர் இவ்விசையை அறிவர். வயலில் டிராக்டர் கவிழ்ந்தாலும் இதே கதிதான்.

முறிந்த எலும்பின் முனை தோலைக் கிழித்துக்கொண்டு வெளிவந்தாலும், வெளியிலிருந்து பட்ட காயம் முறிந்த இடம் வரை சென்றிருந்தாலும் அது திறந்த முறிவு எனப்படும். எலும்பு கண்ணுக்குத் தெரிய வேண்டுமென்பதில்லை. வெளியே வந்த முனை மீண்டும் உள்ளே சென்றிருக்கலாம். தோலில் சிறு துளை மட்டுமே எஞ்சியிருக்கும். அதைக் கண்டு, சின்னக் காயந்தானே என்று எண்ணிவிடலாகாது.

இதில் அபாயங்கள் இரண்டு. முதலாவது இரத்த இழப்பு. நம் உடலில் உள்ள இரத்தம் சுமார் 5 லிட்டர். தோல் கிழியாத முறிவிலேயே 1 முதல் 1½ லிட்டர் வரை தொடைத் தசைக்குள் கசிந்து தங்கிவிடக்கூடும். திறந்த முறிவில் இழப்பு இன்னும் மிகும். முகம் வெளுத்தல், குளிர்ந்த வியர்வை, நாடி விரைந்து துடித்தல் ஆகியவை இதன் அறிகுறிகள். இரண்டாவது அபாயம் அழுக்கு. கஸ்டிலோ, ஆண்டர்சன் என்னும் அமெரிக்க மருத்துவர்கள் 1976-ஆம் ஆண்டில் திறந்த முறிவுகளை மூன்று வகையாகப் பிரித்தனர். புண் 1 சென்டிமீட்டருக்குட்பட்டுச் சுத்தமாக இருப்பின் முதல் வகை. பெரிதும் சிதைந்தது மூன்றாம் வகை. ஆனால் சாணமும் எருவும் கலந்த மண் புகுந்த புண், அளவில் சிறிதாயினும் மூன்றாம் வகையாகவே கொள்ளப்படுகிறது. தசையை அழுகச் செய்யும் கிருமிகளும், இரணஜன்னிக் கிருமிகளும் அம்மண்ணில் உறைவதே காரணம். உழவர்கள் இதனை நன்கு மனத்திற் கொள்ள வேண்டும்.

முறிந்த காலை அசையாமற் கட்டுவது எத்துணை பெரிய காரியம் என்பதை முதல் உலகப் போர் காட்டிற்று. அப்போரின் தொடக்கத்தில், தொடை எலும்பு திறந்து முறிந்த சிப்பாய்களில் நூற்றுக்கு எண்பது பேர் மாண்டதாகக் கூறுவர். லிவர்பூல் நகரின் ஹியூ ஓவன் தாமஸ் முன்பே அமைத்திருந்த இரும்புச் சட்டத்தை அவர் மருமகன் ராபர்ட் ஜோன்ஸ் போர்முனைக்குக் கொண்டுவந்தார். காலை இழுத்து நிறுத்திக் கட்டும் இச்சட்டத்தைப் போர்க்களத்திலேயே பொருத்தத் தொடங்கிய பிறகு சாவு இருபதுக்குக் குறைந்தது. பென்சிலின் தோன்றாத காலம் அது என்பதை நினைவிற் கொள்க.

இனி, விபத்து நேர்ந்த இடத்தில் செய்ய வேண்டியவை. உடனே 108-க்குச் சொல்லியனுப்புக. காயத்தின் மேல் துவைத்து உலர்ந்த துணியை வைத்து, எலும்பு முனையின் மீது படாமல், இரத்தம் வரும் இடத்தை அழுத்திப் பிடிக்க வேண்டும். அழுத்தியும் நில்லாமல் பீறிட்டு வந்தால் மட்டும், காயத்திற்கு மேலே அகன்ற துணியால் இறுகக் கட்டி, கட்டிய நேரத்தைக் குறித்து வைக்க வேண்டும். வெளிவந்த எலும்பை உள்ளே தள்ளுதல் கூடாது. வண்டி வருமளவும் அவரை அசைக்காமல் படுக்கவைத்து, போர்வை போர்த்துக. தூக்கியே ஆகவேண்டுமாயின் இரு கால்களுக்கிடையே துணி வைத்து, நல்ல காலோடு முறிந்த காலைச் சேர்த்துக் கட்டுக. குடிக்க எதுவும் கொடுக்கலாகாது. மயக்க மருந்துக்கு அது இடையூறு. மஞ்சள், காப்பித்தூள், சாம்பல் எதையும் புண்ணில் அப்பலாகாது. ஆட்டோவில் மடக்கி உட்காரவைத்துக் கொண்டுசெல்வது, முறிந்த முனையால் இரத்தக் குழாயை அறுப்பதற்கு ஒப்பாகும்.

நம் பகுதியில் எலும்பு முறிவென்றாலே ஆந்திரத்துப் புத்தூரை நினைப்போர் பலர். அக்கட்டின் பழம்பெருமையை இங்கு ஆராயப் புகவில்லை. ஆனால் திறந்த முறிவுக்குப் பச்சிலைக் கட்டு தகாது. கிருமியை உள்ளே வைத்து மூடுவதாகவே அது முடியும். கால் சில்லிட்டுப் பாதத்தில் நாடி தெரியாவிடில் பெரிய இரத்தக் குழாய் அறுந்திருக்கலாம். அதைச் சுமார் 6 மணி நேரத்திற்குள் சீராக்காவிடில் காலையே இழக்க நேரும். கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் டாக்டர் எஸ். ராஜசேகரனும் அவருடன் பணிபுரிவோரும் 2006-இல் ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டனர். முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பின் திறந்த முறிவுக்கென வகுத்தது அது. அதில் 14-உம் அதற்குக் கீழும் காலைக் காக்கலாமென்றும், 17-உம் அதற்கு மேலும் காலை நீக்குவதே நன்றென்றும் கொள்வர். தொழுவத்து அழுக்கு கலந்தால் 2 மதிப்பெண். ரண சிகிச்சைக்கு 12 மணி நேரத்திற்கு மேல் தாமதித்தால் மேலும் 2. புத்தூருக்குப் போய்த் திரும்பும் பொழுது இக்கணக்கில் ஏறுகிறது.

செலவையும் போலீஸ் விசாரணையையும் எண்ணித் தயங்க வேண்டுவதில்லை. 2021 டிசம்பர் 18-இல் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டத்தின்படி, சாலை விபத்துக்குள்ளானவர்க்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, அரசு மருத்துவமனைகளிலும் திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் இலவசம். உதவியவரைக் குற்றஞ்சாட்டவோ, பெயர் சொல்லக் கட்டாயப்படுத்தவோ இயலாதபடி 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134-அ பிரிவு சேர்க்கப்பட்டது. இதனைக் கிராம சபையில் படித்துக் காட்டுதல் நன்று.

மருத்துவமனையில் கிருமிக்கொல்லி மருந்தும் இரணஜன்னி ஊசியும் உடனே செலுத்துவர். பின்னர்ப் பல லிட்டர் உப்பு நீரால் புண்ணைக் கழுவி, செத்த தசையையும் மண்ணையும் அகற்றுவர். அழுக்குப் புண்ணை அன்றே தைத்து மூடுவதில்லை. “தையல் போடாமல் விட்டுவிட்டார்களே” என்று உறவினர் சண்டைக்குப் போவதை நான் கண்டிருக்கிறேன். திறந்து வைப்பதுதான் சிகிச்சை. ஓரிரு நாட்களில் மீண்டும் பார்த்துக் கழுவியே மூடுவர். தோலுக்கு வெளியே கம்பிச் சட்டம் பொருத்துவதும் பெரும்பாலும் தற்காலிக ஏற்பாடே. புண் சுத்தமானதும் எலும்பின் உட்குழலில் நீண்ட ஆணி செலுத்துவர். தோல் போதாத இடத்தில் வேறிடத்துத் தசையும் தோலும் கொணர்ந்து மூடுவர்.

எலும்பு கூடப் பல மாதங்கள் ஆகும். மருத்துவர் சொல்லும் வரை காலை ஊன்றலாகாது. ஆனால் முழங்காலை அவர் காட்டியவாறு மடக்கி நீட்டிப் பழகாவிடில் அது விறைத்துப் போகும். ஆறிய புண்ணில் சீழ் கண்டால் அன்றே திரும்பச் செல்ல வேண்டும். புகை பிடிப்போர்க்கு எலும்பு கூடுவது தாமதமாகும். நலம் விசாரிக்கச் செல்கையில் பீடிக் கட்டு வாங்கிப் போகும் அன்பர்கள் இதைக் கவனிப்பார்களாக.