எல்லாம் நானே பார்க்க வேண்டுமா?

பாடப்பகுதி: யாத்திராகமம் 18:13-27



நம் சபையில் சிறுதொழில் செய்கிறவர்கள் அநேகர். மளிகைக் கடை, தையல் கடை, வெல்டிங் பட்டறை, பேக்கரி, செல்போன் ரிப்பேர் என்று இரண்டு பேரையோ பத்துப் பேரையோ வைத்து நடத்துகிறோம். நம்மில் பலருடைய வாயில் வரும் பேச்சு ஒன்றுதான்: "நான் ஒரு நாள் இல்லாட்டி கடையில ஒண்ணும் நடக்காது." இதைச் சொல்லும்போது சலிப்பு இருக்கும், உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் இருக்கும். நானும் அப்படிச் சொல்லித் திரிந்தவன்தான். வேலையைப் பிறர் கையில் ஒப்படைப்பது எப்படி? ஒப்படைக்க விடாமல் நம்மைத் தடுப்பது எது? இதுவே இந்த மாதப் பாடம்.

மாமனார் கண்ட காட்சி

மீதியான் தேசத்து ஆசாரியனாகிய எத்திரோ தன் மருமகன் மோசேயைப் பார்க்க வனாந்தரத்துக்கு வருகிறார். மறுநாள் மோசே நியாயம் விசாரிக்க உட்காருகிறார். விடிந்தது முதல் பொழுது சாயும்வரை ஜனங்கள் அவரைச் சுற்றி நிற்கிறார்கள். மாமனார் ஒரு நாள்தான் பார்த்தார். இந்த முறை சரியில்லை என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

அவர் சொன்ன காரணத்தைக் கவனியுங்கள் (வச. 18). மோசே மட்டுமல்ல, காத்து நிற்கிற ஜனங்களும் தொய்ந்துபோவார்கள் என்றார். நாம் நம்முடைய அலுப்பைத்தான் எண்ணுகிறோம். "நான் எவ்வளவு பாடுபடுகிறேன்!" என்கிறோம். நம் மேஜைக்கு முன்னால் நிற்கிறவனுக்கும் ஒரு நாள் வீணாகிறதே, அதை எண்ணினோமா?

என் கடையில் நடந்தது

நான் ஒரு சின்ன ஆஃப்செட் பிரஸ் நடத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, பில் புக், நோட்டீஸ், கன்வென்ஷன் போஸ்டர் எல்லாம் அடிப்போம். கம்ப்யூட்டரில் டைப் செட் பண்ண ஒரு தங்கச்சி, மெஷினில் ஒரு தம்பி, பைண்டிங்குக்கு இரண்டு பேர். ஆனாலும் ரேட் சொல்வது நான், புரூஃப் பார்ப்பது நான், பேப்பர் வாங்குவது நான், பாக்கி வசூலும் நான். நான் 'சரி' என்று சொல்லாமல் ஒரு தாளும் மெஷினில் ஏறாது.

ஒரு நாள் தாங்க முடியாத வயிற்றுவலி. பித்தப்பையில் கல் என்று ஆபரேஷன் செய்தார்கள். ஒன்பது நாள் கடைப்பக்கம் போகவில்லை. அந்த வாரத்தில் பக்கத்துக் கிராமத்துச் சபைக்கு ஆயிரம் கன்வென்ஷன் போஸ்டர் தரவேண்டியிருந்தது. டிசைன் முடிந்து, புரூஃப் எனக்காகக் கம்ப்யூட்டரிலேயே காத்துக் கிடந்தது. போஸ்டர் இல்லாமலே கூட்டம் தொடங்கியது. அந்தப் பாஸ்டர் ஐயா ஆஸ்பத்திரிக்கு வந்து எனக்காக ஜெபித்துவிட்டுத்தான் போனார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மெஷின் தம்பியைக் கூப்பிட்டு, "பதினோரு வருஷமா இருக்கியே, அந்தப் புரூஃபை நீ பார்த்து அடிச்சிருக்கக் கூடாதா?" என்று கோபித்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "பார்த்தேன் அண்ணாச்சி. எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. ஆனா நீங்க என்ன சொல்வீங்களோன்னு பயந்து விட்டுட்டேன்."

வேலை தெரிந்த கை, பயத்தினால் கட்டப்பட்டுக் கிடந்தது. கட்டினது யார்? சில வருஷங்களுக்கு முன் அவன் சுயமாக ஒரு பில் புக் ஆர்டர் எடுத்தபோது, வாடிக்கையாளர் முன்னாலேயே அவனைச் சத்தம் போட்டவன் நான்தான். எனக்கு மறந்துபோயிற்று. அவனுக்கு மறக்கவில்லை.

முதலில் கற்றுக்கொடு, பிறகு தெரிந்தெடு

எத்திரோவின் ஆலோசனை என்றால் ஆயிரம் பேருக்கு, நூறு பேருக்கு, ஐம்பது பேருக்கு, பத்துப் பேருக்குத் தலைவர்களை ஏற்படுத்தியது நமக்கு நினைவு வரும். அது 21-ஆம் வசனம். அதற்கு முந்தின வசனத்தில் என்ன இருக்கிறது? ஜனங்களுக்குக் கட்டளைகளையும் நடக்கவேண்டிய வழியையும் செய்யவேண்டிய வேலையையும் தெரியப்படுத்தச் சொல்கிறார். கற்றுக்கொடுப்பது முதலில், ஆள் நியமிப்பது பிறகு. நாம் முதற்படியை விட்டுவிட்டு, "நம்பிக்கையான ஆள் கிடைக்கலை" என்று புலம்புகிறோம். ஆள் இல்லாமல் இல்லை. நாம் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இதற்கு முன் என்னிடம் வேலை பார்த்த ஒரு தம்பியைக் கையாலாகாதவன் என்றே நினைத்தேன். அவன் விலகிப் போய் இன்று சொந்தப் பிரஸ் நடத்துகிறான், நன்றாகவே நடத்துகிறான். இது எனக்குக் கிடைத்த பாடம்.

ஒப்படைக்கும் படிகள்

1. கணக்கெடுங்கள். ஒரு வாரம் உங்கள் மேஜைக்கு வருகிற ஒவ்வொரு வேலையையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். பிறகு மூன்றாகப் பிரியுங்கள்: நான் மட்டுமே செய்யவேண்டியது, கற்றுக்கொடுத்தால் இன்னொருவர் செய்யக்கூடியது, இன்னொருவருக்கு ஏற்கெனவே தெரிந்தது. மூன்றாவது பட்டியல் என்னை வெட்கப்படுத்தியது. பாதிக்குமேல் அதில்தான் இருந்தது.

2. மூன்று தரம் சொல்லிக்கொடுங்கள். முதல் தரம் நீங்கள் செய்யுங்கள், அவர் பார்க்கட்டும். இரண்டாம் தரம் அவர் செய்யட்டும், நீங்கள் பாருங்கள். மூன்றாம் தரம் அவரே செய்து முடித்துவிட்டு உங்களிடம் சொல்லட்டும். "சொன்னேனே, புரியலையா?" என்பது கற்றுக்கொடுப்பது ஆகாது.

3. எழுதி ஒட்டுங்கள். 1935 அக்டோபர் 30-ந் தேதி அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில், போயிங் கம்பெனியின் மாடல் 299 என்ற புது விமானம் சோதனை ஓட்டத்தில் கிளம்பிய உடனே விழுந்து நொறுங்கியது. இருவர் மரித்தார்கள். ஓட்டினவர் தேர்ந்த விமானி. காற்றில் ஆடாதபடி வால் பகுதியைப் பூட்டி வைத்திருந்த பூட்டை எடுக்க மறந்துபோனார்கள், அவ்வளவுதான். அதன்பின் விமானிகள், கிளம்புமுன் ஒவ்வொன்றாய்ப் பார்த்துச் சரிசெய்ய ஒரு பட்டியல் எழுதி வைத்தார்கள். இன்றைக்கும் விமானிகள் அப்படிப் பட்டியலைப் பார்த்துத்தான் கிளம்புகிறார்கள். தேர்ந்தவனுக்கே பட்டியல் வேண்டுமானால் நம் கடைப் பையனுக்கு வேண்டாமா? என் கடைச் சுவரில் இப்போது ஒரு அட்டை தொங்குகிறது: தேதியும் கிழமையும் பொருந்துகிறதா? போன் நம்பரில் பத்து இலக்கம் இருக்கிறதா? பெயருக்கு முன் இனிஷியல் சரியா? வாட்ஸ்அப்பில் பார்ட்டி 'ஓகே' சொல்லியாயிற்றா? இத்தனையும் என் தலைக்குள் மட்டுமே இருந்தவை.

4. எல்லையைச் சொல்லுங்கள். பெரிய வழக்கு மோசேயிடம், சிறிய வழக்கு அவர்களிடமே என்று எத்திரோ வரம்பு கட்டினார் (வச. 22). "பார்த்துச் செய்" என்றால் எதைப் பார்ப்பது? நான் தொகை வைத்துச் சொன்னேன்: இரண்டாயிரம் ரூபாய் வரை பேப்பரும் மையும் நீயே வாங்கு. நூற்றுக்கு ஐந்து ரூபாய் வரை நீயே குறைத்துக் கொடு. அதற்கு மேல் என்றால் என்னைக் கேள். எல்லை தெரிந்தவன் பயப்படாமல் நடப்பான்.

5. கொடுத்ததைத் திரும்ப வாங்காதிருங்கள். 1974-ல் 'ஹார்வர்டு பிசினஸ் ரிவியூ' பத்திரிகையில் வில்லியம் ஆன்கன், டொனால்டு வாஸ் என்ற இருவர் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒவ்வொரு வேலையும் ஒரு குரங்கு மாதிரி. வேலைக்காரன் வந்து, "முதலாளி, ஒரு சிக்கல்" என்கிறான். "சரி, நான் பார்த்துச் சொல்றேன்" என்கிறோம். அந்த நிமிஷமே அவன் முதுகிலிருந்த குரங்கு நம் முதுகுக்குத் தாவிவிட்டது! சாயங்காலத்துக்குள் நம் மேல் பத்துக் குரங்கு. இப்போதெல்லாம் யாராவது சிக்கலோடு வந்தால், "உனக்கு என்ன தோணுது தம்பி?" என்று கேட்கிறேன். பத்தில் எட்டுத் தரம் பதில் அவனிடமே இருக்கிறது.

6. கணக்குக் கேளுங்கள். ஒப்படைப்பது வேறு, கைகழுவுவது வேறு. மத்தேயு 25-ல் எஜமான் அவனவன் திறமைக்குத்தக்கதாகத் தாலந்துகளைக் கொடுத்தான், புறப்பட்டுப் போனான், திரும்பி வந்து கணக்குப் பார்த்தான். சிலர் கொடுத்துவிட்டுப் போகாமல் தலைக்கு மேல் நிற்கிறோம். சிலர் போய்விட்டுக் கணக்கே கேட்பதில்லை. இரண்டும் தவறு. எங்கள் கடையில் சனிக்கிழமை சாயங்காலம் அரை மணி நேரம் உட்காருகிறோம். வந்த ஆர்டர், போன ஆர்டர், கையிருப்புப் பேப்பர், ஜிபேயில் வந்தது, ரொக்கமாக வந்தது. பணம் வாங்குகிறவர் ஒருவர், நோட்டில் ஒத்துப்பார்க்கிறவர் வேறொருவர். இது சந்தேகம் அல்ல. அவர்களைப் பழியிலிருந்து காக்கிற வேலி.

தவறு வரும்போது

பிரியமானவர்களே, உண்மையான பரீட்சை இங்கேதான். ஒப்படைத்த இரண்டாம் மாதமே தவறு வந்தது. ஒரு ஹார்டுவேர் கடைக்கு பில் புக் அடித்ததில் ஐந்து புத்தகங்களுக்கு ஒரே நம்பர் திரும்ப விழுந்துவிட்டது. ஜி.எஸ்.டி. விதிப்படி ஒரு நிதியாண்டில் ஒரே பில் எண் இரண்டு முறை வரக்கூடாது. மறுபடியும் அடிக்கவேண்டியதாயிற்று. என் நாக்கு நுனிவரைக்கும் பழைய வார்த்தை வந்தது. அன்று சத்தம் போட்டிருந்தால் அத்தனையும் வீண். கதவைச் சாத்திக்கொண்டு மெதுவாய்க் கேட்டேன்: "தம்பி, இது எங்க தப்பிச்சுது? அடுத்த தரம் எந்த இடத்துல பிடிக்கலாம்?" அவனே அட்டையில் ஒரு வரி சேர்த்தான்: ஒவ்வொரு புத்தகத்திலும் முதல் நம்பர், கடைசி நம்பர் பார்க்கவேண்டும். அந்தத் தவறு திரும்ப வரவில்லை. நான் இழந்தது சில நூறு ரூபாய். அவனை இழக்கவில்லை.

பொறாமை என்னும் மறைவான தடை

இன்னொன்று சொல்ல வெட்கமாயிருக்கிறது. ஒரு நாள் பழைய வாடிக்கையாளர் உள்ளே வந்து, நான் உட்கார்ந்திருக்கும்போதே, "தம்பி இல்லையா? அவர்கிட்டயே பேசிக்கிறேன்" என்றார். என் முகம் சுருங்கிப்போனது. எண்ணாகமம் 11-ஆம் அதிகாரம் நினைவுக்கு வந்தது. எல்தாத், மேதாத் என்ற இருவர் பாளயத்தில் தீர்க்கதரிசனம் சொன்னபோது, அவர்களைத் தடுக்கும்படி யோசுவா கேட்டான். மோசேக்கோ எரிச்சல் வரவில்லை. எல்லாருமே அப்படியானால் எவ்வளவு நலம் என்று ஏங்கினார். நமக்குப் பாரம் குறையவேண்டும். பேர் மட்டும் குறையக்கூடாது. இரண்டும் சேர்ந்து நடக்காது.

பொறுப்பு கூடினால் சம்பளமும் கூடவேண்டும். பாரத்தை மட்டும் இறக்கி வைத்துவிட்டுப் பலனை நாமே வைத்துக்கொள்வது ஒப்படைப்பு அல்ல, சுரண்டல்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

எல்லாவற்றையும் கொடுத்துவிடச் சொல்லவில்லை. மோசே பெரிய காரியங்களைத் தம்மிடமே வைத்திருந்தார். கடன் வாங்குவது, செக்கில் கையெழுத்து, சம்பளம் நிர்ணயிப்பது, ஆளைச் சேர்ப்பது நிறுத்துவது, மனம் நொந்த வாடிக்கையாளரிடம் மன்னிப்புக் கேட்பது - இவை முதலாளியுடையவை. வங்கி ஓ.டி.பி.யை யாரிடமும் கொடுக்காதிருங்கள். ஜி.எஸ்.டி. கணக்கை ஆடிட்டர் ஆபீசில் தாக்கல் செய்தாலும், பதில் சொல்லவேண்டியவர் பதிவு வைத்திருக்கிற நாம்தான்.

போன வருஷம் என் மகளின் பிரசவத்துக்காக ஆறு நாள் வெளியூரில் இருந்தேன். கடையிலிருந்து இரண்டே போன் வந்தது. இரண்டும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பேப்பர் விஷயம். மற்ற நேரமெல்லாம் பேரனைக் கையில் வைத்திருந்தேன். என் மகள் பிறந்தபோது நான் மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன் என்று என் மனைவி நினைவுபடுத்தினாள். அந்த நாள் இனித் திரும்பாது. உங்களுக்காவது திரும்பாத நாட்கள் குறையட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

சிந்திக்க:

1. என் கடையில் எந்த வேலை எனக்காகக் காத்துக் கிடக்கிறது? அதை ஏற்கெனவே அறிந்தவர் யார்?

2. யாரையாவது பிறர் முன்னால் கடிந்து, அவருடைய கையைக் கட்டிப்போட்டிருக்கிறேனா? அவரிடம் இந்த வாரமே பேசுவேனா?

3. இந்த மாதம் நான் கற்றுக்கொடுத்து ஒப்படைக்கப்போகிற ஒரு வேலை எது? அதன் எல்லை என்ன? கணக்குப் பார்க்கும் நாள் எது?

எத்திரோ சொன்னதைக் கேட்டு, மோசே அப்படியே செய்தார் (வச. 24). கேட்கிறவர்களாய் மட்டுமல்ல, செய்கிறவர்களாயும் இருப்போம். கர்த்தர்தாமே உங்கள் கையின் பிரயாசத்தையும், உங்களோடு பிரயாசப்படுகிறவர்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.