சூரிய மணியும் கடிகார மணியும்

மும்பையில் ஃபிளாட் வாங்கப் போகிறவர்களுக்கு இப்போதெல்லாம் பில்டர்கள் சிலர் கம்ப்யூட்டர் படங்களைக் காட்டுகிறார்கள். எந்த மாதம், எந்த மணிக்கு, எந்த ஜன்னலில் வெயில் விழும், எதிர்க் கட்டிடத்தின் நிழல் எவ்வளவு தூரம் வரும் என்பதெல்லாம் கட்டிடம் எழும்பும் முன்பே அதில் தெரிந்துவிடும். மிகவும் உபயோகமான விஷயம்தான். கட்டிட வரைபட வேலையில் இருப்பதால் இந்த மென்பொருள்களோடு எனக்குத் தினமும் பழக்கம் உண்டு. நம் சங்கத்து நண்பர்கள் இத்தகைய படங்களைக் கொண்டுவந்து காட்டினால் நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "மாலை 4 மணி என்று போட்டிருக்கிறதே, அது சூரியனுடைய 4 மணியா, கடிகாரத்தினுடைய 4 மணியா?"

இரண்டும் ஒன்றில்லையா?

இல்லை. சூரியன் அன்றைக்கு மிக உயரத்தில் நிற்கும் நேரம்தான் சூரியக் கணக்கில் பகல் 12 மணி. பூமி ஒரு டிகிரி சுழல 4 நிமிடம் ஆகிறது. நம் பெரியவர்கள் கணக்கில் சொன்னால், நாழிகைக்கு 6 டிகிரி. இந்தியா முழுவதற்கும் பொதுவான கடிகார நேரம், மிர்சாபூர் அருகே செல்லும் 82½ டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையை வைத்து அமைந்தது. மும்பை அதற்கு மேற்கே, ஏறக்குறைய 72.8 டிகிரியில் இருக்கிறது. ஆகவே இங்கே உச்சிப்பொழுது சராசரியாக 39 நிமிடம் தாமதித்து, 12.39க்கு வருகிறது. சென்னையில் இந்தத் தாமதம் 9 நிமிடம்தான். அதனால் அங்கே இருந்தவரை நமக்கு இது உறைத்ததில்லை. கல்கத்தாவிலோ சூரியன் 23 நிமிடம் முந்திக்கொள்கிறது.

அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் தனி மணி இருந்தது. கிரீன்விச்சை விட மதராஸ் நேரம் 5 மணி 21 நிமிடமும், பம்பாய் நேரம் 4 மணி 51 நிமிடமும் முன்னால் இருந்தன. 1906ல் ஐந்தரை மணிக் கணக்கில் பொது நேரம் வந்த பிறகும், பம்பாய் 1955 வரை தன் மணியை விடவில்லை. ஐந்தரையில் 4.51ஐக் கழித்துப் பாருங்கள். அதே 39 நிமிடம் வரும்.

இதற்கு மேல் இன்னொரு வித்தியாசமும் உண்டு. பூமியின் பாதை சரியான வட்டம் இல்லை. அதன் அச்சும் சாய்ந்திருக்கிறது. இதனால் பிப்ரவரி நடுவில் சூரியன் 14 நிமிடம் பின்தங்கும், நவம்பர் தொடக்கத்தில் 16 நிமிடம் முந்தும். மும்பையில் உச்சிப்பொழுது பிப்ரவரியில் 12.53, நவம்பரில் 12.23.

வீட்டுக்கு என்ன பாதிப்பு?

சில மென்பொருள்கள் நாம் கொடுக்கும் மணியைச் சூரிய மணியாகவே எடுத்துக்கொள்ளும். சில கடிகார மணியைக் கேட்டு, ஊரின் தீர்க்கரேகையை வைத்துத் தாமே மாற்றிக்கொள்ளும். எது எந்த வகை என்று பாராமல் படம் போட்டால் வெயிலே இடம் மாறிவிடும்.

மே மாத நடுவில், மேற்குப் பார்த்த படுக்கையறையை எடுத்துக்கொள்வோம். சூரியக் கணக்கில் 4 மணிக்குச் சூரியனின் உயரம் 33 டிகிரி. நம் கடிகாரத்தில் 4 மணி அடிக்கும்போதோ 42 டிகிரி. சூரியக் கணக்கில் ஆறரை மணியோடு வெயில் மறைந்துவிடும். உண்மையில் இங்கே அஸ்தமனம் ஏழு மணிக்கு மேல். வயதான பெற்றோர் மாலையில் ஓய்வெடுக்கும் அறை அது என்றால், அந்த அரைமணி நேரத்துக்கு மேலான வெப்பத்தை யார் தாங்குவது?

குளிர்காலத்தில் இதே கதை மறுபக்கம். டிசம்பர் கடைசியில் காலை 8 முதல் 9 வரை பால்கனியில் வெயில் என்று படம் சொன்னால், நம் கடிகாரத்தில் அது 8.39 முதல் 9.39 வரை. எட்டரை மணி லோக்கலைப் பிடிக்க ஓடுகிறவர் அந்த வெயிலைப் பார்க்கவே போவதில்லை.

எப்படிச் சோதிப்பது?

மிக எளிது. மென்பொருளில் மும்பையைக் கொடுத்து, பிப்ரவரி 11ஆம் தேதியை வைத்து, ஒரு கம்பத்தின் நிழல் நேர் வடக்கே விழும் மணியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

12.00 என்றால், அது சூரிய மணி.
12.39 என்றால், கடிகார மணி. ஆனால் மாதத் திருத்தம் சேரவில்லை.
12.53 என்றால், எல்லாம் சரி.
12.23 என்றால், நேர மண்டலத்தை ஐந்தரைக்குப் பதில் 5 என்று கொடுத்திருக்கிறார்கள்.
1.23 என்றால், 6 என்று கொடுத்திருக்கிறார்கள்.

சூரிய மணிப் படமே கையில் இருந்தாலும் கவலை வேண்டாம். மும்பையில் அதோடு 39 நிமிடம் கூட்டுங்கள். பிப்ரவரி நடுவானால் மேலும் 14 கூட்டுங்கள், நவம்பர் தொடக்கமானால் 16 கழியுங்கள். ஏப்ரல் 15, ஜூன் 13, செப்டம்பர் 1, டிசம்பர் 25 ஆகிய நாட்களை ஒட்டி இந்த மாதத் திருத்தம் ஏறக்குறைய பூஜ்யம்.

சென்னைப் பஞ்சாங்கத்தின் சூரிய உதயம் மும்பைக்குப் பொருந்தாது என்பது நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். ஊருக்குத் தக்கபடி கணக்கைத் திருத்திக்கொள்வார்கள். அதே விழிப்பு கம்ப்யூட்டர் படத்திலும் வேண்டும். வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வாங்கும் வீடு. கையெழுத்துப் போடும் முன் "இது எந்த மணி?" என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள்.