பாளையங்கால்வாயில் மானிங் சூத்திரம்

ஹைட்ராலிக்ஸ் தேர்வுக்கு மானிங் சூத்திரத்தை நாம் எல்லோரும் மனப்பாடம் செய்துதான் எழுதினோம். எனக்கு அது புரிந்தது மேலப்பாளையத்தில், முழங்கால் சகதியில் நின்றபோதுதான்.

தாமிரபரணியில் பழவூர் அணைக்கட்டிலிருந்து பிரிவது பாளையங்கால்வாய். வயலுக்கும் குளத்துக்கும் வெட்டியது, ஊருக்குள் சாக்கடையையும் சேர்த்துச் சுமக்கிறது. அந்தச் சத்தில்தான் அமலைச்செடி கொழுக்கிறது.

சூத்திரத்தில் வரும் 'என்' என்பது சொரசொரப்பு. சுத்தமான மண் கால்வாய்க்கு சுமார் 0.025. செடி மண்டினால் 0.05-ஐயும் தாண்டும். 'என்' இரட்டித்தால், அதே சரிவு அதே ஆழத்தில் வேகம் பாதி. வேகம் குறைந்தால் வண்டல் படியும், வண்டலில் கோரை வேர் பிடிக்கும், வேகம் இன்னும் குறையும். கடைமடையில் என் மாமா வயலுக்குப் பிசானத் தண்ணீர் எட்டாததற்கு இதுவும் ஒரு காரணம்.

முகாமில் நாள் முழுக்க வாரிக் கரையிலேயே குவித்தோம். ஒரு பெரியவர் பார்த்துவிட்டு, "ஏ தம்பிகளா, மழை பெஞ்சா அம்புட்டும் உள்ளதான வரும்?" என்றார். அப்படியேதான் வந்தது! போதாததற்கு, ஆர்வக்கோளாறில் பாலத்தடியில் ஆழமாகத் தோண்டிவிட்டோம். பிறகு லெவல் வைத்துப் பார்த்தால் அங்கே மட்டும் பள்ளம். தண்ணீர் தேங்கி ஒரே கொசு.

கார் சாகுபடிக்கு ஜூனில் தண்ணீர் திறக்குமுன், வரும் சித்திரையில் மறுபடி போகிறோம். வாருவதை அன்றன்றே ஏற்றிப்போக டிராக்டர் பேசியாச்சு. சிவில் பசங்க மண்வெட்டிக்கு முன்னால் டம்பி லெவலை எடுத்து வாங்க. மெக்கானிக்கல் நண்பர்களே, பாலத்து வாயில் குப்பையைத் தடுக்க ஒரு கம்பித் தட்டி வெல்டு பண்ணித் தாங்களேன்.