நிரல் திருத்தும் இயந்திரம்

கணினி நிரல் எழுதக் கற்கும் மாணவரின் விடையைக் கணினியே திருத்துவது புதிய முயற்சியன்று. அமெரிக்காவின் ரென்சலர் பாலிடெக்னிக் கழகத்தில் 1960-ஆம் ஆண்டளவிலேயே இம்முறை கையாளப்பெற்றது. நம் நாட்டில், 2003-இல் தொடங்கப்பெற்ற என்பிடெல் திட்டத்தின் இணையவழி நிரலாக்கப் பாடங்கள் இதனைப் பெரிதும் சார்ந்துள்ளன. வாரந்தோறும் வந்து குவியும் விடைகளை ஓர் ஆசிரியர் படித்து முடித்தல் இயலாதன்றோ?

இத்திட்டத்தில் கரக்பூர் ஐ.ஐ.டி. வழங்கியுள்ள ஜாவா பாடத்தை எடுத்துக்கொள்வோம். மாணவரின் நிரல், முன்னரே வகுக்கப்பட்ட உள்ளீடுகளைக் கொண்டு இயக்கப்படுகிறது. கிடைக்கும் விடை எதிர்பார்த்ததோடு ஒத்திருந்தால் மதிப்பெண் உண்டு. சோதனைகளுள் சில மறைத்து வைக்கப்படுகின்றன. விடையை மட்டும் எழுதிவைத்துத் தப்புவோரைப் பிடிப்பதற்கு இது உதவும்.

ஆயினும் ஜாவா, பொருள்நோக்கு நிரலாக்க மொழியாகும். இங்கு விடையினும் அமைப்பே முதன்மையான பாடம். சேமிப்புக் கணக்கு ஒன்றை இனக்குழுவாக, அதாவது 'கிளாஸ்' ஆக, எழுதுமாறு பணிப்பதாகக் கொள்வோம். இருப்புத் தொகையைப் 'பிரைவேட்' என்று அறிவித்தால், வெளியிலுள்ள நிரற்பகுதி எதுவும் அதனை நேரே மாற்றவியலாது. பணம் எடுப்பதற்கென அமைந்த செயற்கூற்றின் வழியாகவே செல்ல வேண்டும். வங்கியில் காசாளரைக் கடந்து பெட்டகத்தில் கைவைக்க முடியாததைப் போன்றது இது. மாணவரோ இருப்பைப் 'பப்ளிக்' என்று எழுதிவிடுகிறார். ரூ. 5,000-இல் ரூ. 1,200 எடுத்தால் ரூ. 3,800 என்று விடை சரியாகவே வரும். முழு மதிப்பெண்ணும் வந்துவிடும். பெட்டகம் திறந்து கிடப்பதை அவருக்குச் சொல்வார் இல்லை.

நிரலை இயக்காமலே அதன் அமைப்பை ஆராயும் 'செக்ஸ்டைல்' போன்ற கருவிகள் இக்குறையைச் சுட்டிக்காட்ட வல்லவை. மாணவர் உடனே 'பிரைவேட்' என மாற்றுவார். கூடவே, எவரும் எத்தொகையையும் இருப்பாகப் பதிந்துகொள்ள இடந்தரும் செயற்கூறு ஒன்றையும் சேர்த்துவிடுவார். கருவி வாய்மூடிக்கொள்ளும். விதி நிறைவேறியது, பெட்டகமோ இன்னும் திறந்தேயுள்ளது. "இத்தொகையை யார் மாற்றலாம், எப்போது மாற்றலாம்?" என்று கேட்பதற்கு நிரலின் நோக்கமறிந்த ஆசிரியர் வேண்டும்.

அதற்கான செலவு அச்சுறுத்துவதன்று. 60 மாணவரின் நிரல்களை, ஒன்றுக்குப் 10 நிமிடமாகப் படிக்க 10 மணி நேரமாகும். விடை சரிபார்ப்பை இயந்திரத்திடம் விட்டு, முழு மதிப்பெண் பெற்றவற்றுள் ஆறினை மட்டும் எடுத்து வகுப்பில் அனைவர் முன்னிலையிலும் படித்து ஆராய ஒரு மணி நேரம் போதும்.