மஞ்சள் மையில் எழுதலாமா?

பினாங்கு, ஜார்ஜ்டவுனின் லிட்டில் இந்தியா கடைகளில் மஞ்சள்தூள் எளிதாகக் கிடைக்கும். அதை நீரில் கலக்கினால் பொன்னிறக் கலவை உண்டாகும். அதை ஊற்றுப்பேனாவில் நிரப்பி எழுதலாமா? கூடாது. மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் நீரில் எளிதில் கரையாது. அதன் துகள்கள் படிந்து, முள்ளுக்கு மை செல்லும் நுண்ணிய பாதையை அடைத்துவிடும். அதனால், ஊற்றுப்பேனா மையில் பெரும்பாலும் நீரில் கரையும் சாயமே சேர்க்கப்படுகிறது.

கடையில் வாங்கும் மஞ்சள் மையையும் சோதித்த பிறகே பயன்படுத்த வேண்டும். முதலில் பேனா முள்ளை மையில் தொட்டு, வெள்ளைத் தாளில் இரண்டு வரிகள் எழுதி உலரவிட வேண்டும். பின்னர், அவற்றைப் பகல் வெளிச்சத்திலும் விளக்கொளியிலும் படித்துப் பார்க்க வேண்டும். வெள்ளைத் தாளைப் போலவே மஞ்சளும் ஒளியை மிகுதியாகத் திருப்பி அனுப்புகிறது. ஆகவே, எழுத்து மங்கலாகத் தெரியும். செம்மஞ்சள் சாயல் உள்ள மை சற்றுத் தெளிவாக இருக்கும்.

அக்காலத் தமிழர், ஓலைச்சுவடியில் எழுத்தாணியால் கீறிய எழுத்துகளின்மீது மஞ்சளும் கரியும் சேர்ந்த கலவையைத் தடவினர். மஞ்சள் ஓலையைப் பூச்சியிலிருந்து காத்தது. கரி எழுத்தைத் தெளிவாகக் காட்டியது.

வாழ்த்து அட்டைக்கு மஞ்சள் மை அழகு சேர்க்கும். பிறர் படித்துப் புரிந்துகொள்ள வேண்டிய கடிதத்திற்கும் தேர்வுத்தாளுக்கும் நீலமோ கறுப்போதான் ஏற்றது.