மார்பக மறுசீரமைப்பு: முடிவு செய்யுமுன் அறிய வேண்டியவை

இந்தியப் பெண்களைப் பீடிக்கும் புற்றுநோய்களுள் மார்பகப் புற்றுநோயே இன்று முதலிடம் பெறுகிறது. நோயுற்ற மார்பகத்தை முழுதும் அகற்ற நேரிடுங்கால், இழந்த வடிவத்தை மீண்டும் அமைத்துக்கொள்வதா, வேண்டாவா என்னும் வினா எழுகிறது. பல குடும்பங்களில் நோயாளியைக் கேளாமலே மற்றவர் இதற்கு விடை கூறிவிடுகின்றனர். ஆகவே களப்பணியாளரும் ஆசிரியரும் இதுபற்றித் தெளிவாக அறிந்திருத்தல் அவசியம்.

மறுசீரமைப்பு நோயைத் தீர்க்கும் சிகிச்சையன்று. அதைச் செய்துகொள்வதால் நோய் திரும்பும் வாய்ப்பு மிகுவதில்லை. செய்துகொள்ளாமையால் குணமடைதல் தடைப்படுவதுமில்லை.

முறைகள் இரண்டு. முதலாவது, சிலிக்கோன் பையை மார்பில் பொருத்துதல். இத்தகைய பை 1962-ல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் முதன்முதலாக ஒரு பெண்ணுக்குப் பொருத்தப்பட்டது. இதற்கான அறுவை ஒப்பளவில் சிறியது. ஆயினும் பை ஆயுள் முழுதும் நிலைப்பதன்று. பின்னாளில் மாற்ற நேரிடலாம். அதைச் சுற்றி வளரும் திசு இறுகி வலி தருவதும் உண்டு. கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்களிடம் இது மிகுதி.

இரண்டாவது, நோயாளியின் முதுகிலிருந்தோ அடிவயிற்றிலிருந்தோ தோல், கொழுப்பு முதலியவற்றை எடுத்து மார்பகம் அமைத்தல். முதுகுத் தசையை மார்புக்குக் கொணரும் வழியை இத்தாலிய மருத்துவர் டான்சினி 1906-ல் கையாண்டார். இம்முறையில் மார்பகம் இயல்பான மென்மை பெறும். ஆனால் அறுவை நீண்டது. உடலில் மற்றொரு வடுவும் உண்டாகும். தசையையும் சேர்த்து எடுப்பின் அவ்விடத்தின் வலிமை குறையக்கூடும். நாற்று நட்டும் சுமை தூக்கியும் பிழைக்கும் பெண் இதனை முன்னரே அறிதல் வேண்டும்.

எம்முறையிலும் பழைய தொடுவுணர்ச்சி முழுதும் மீள்வது அரிது. ஒன்றுக்கு மேற்பட்ட அறுவையும் தேவைப்படலாம். புகைபிடித்தலும், கட்டுப்படாத நீரிழிவும், மிகுந்த உடற்பருமனும் புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும்.

மறுசீரமைப்பை நோயகற்றும் அறுவையுடன் சேர்த்தும் செய்யலாம். மாதங்கள் அல்லது ஆண்டுகள் கழித்தும் செய்யலாம். எனவே மனம் துணியாதவர் உடனே முடிவு கூறவேண்டுவதில்லை. ஆனால் இம்முடிவுக்காக நோய்க்கான சிகிச்சையைத் தள்ளிப்போடலாகாது.

மறுசீரமைப்பை விரும்பாதவர் உள்ளாடைக்குள் பஞ்சு அல்லது சிலிக்கோனாலான செயற்கை மார்பகத்தை வைத்துக்கொள்ளலாம், எதுவுமின்றியும் இருக்கலாம். இதில் வெட்கத்திற்கு இடமில்லை.

அறுவைக்கு முன்னரே மருத்துவரிடம் கேட்க வேண்டிய வினாக்கள் வருமாறு:

1. கதிர்வீச்சுச் சிகிச்சை தேவைப்படுமா?
2. தம் உடலுக்கு ஏற்ற முறை யாது?
3. எத்தனை அறுவைகள்? செலவு எவ்வளவு?
4. வேலைக்குத் திரும்ப எத்தனை நாள் ஆகும்?

களப்பணியாளரின் கடமை, இவ்வினாக்களை அப்பெண்ணுக்கு நினைவூட்டி, விடைகளை அவள் விளங்கிக்கொள்ளத் துணை நிற்பதாகும். முடிவு அவளுடையதே, அதனைக் கணவரோ, உறவினரோ, பணியாளரோ எடுத்தல் முறையன்று.