வீட்டை ஈடு வைத்தலும் மீட்டலும்

பேரணாம்பட்டிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் தோல் பதனிடுதல், காலணித் தொழில், பீடி சுற்றுதல் ஆகியவற்றால் பிழைக்கும் குடும்பங்கள் பல. கூலியில் மிச்சம் பிடித்துக் கட்டிய சிறு வீடே இவர்களுடைய முழுச் சொத்தாகும். திருமணம், நோய், வேலைக் குறைவு என இடர் நேருங்கால் அவ்வீட்டின் பத்திரத்தைக் கொண்டே கடன் பெறுகின்றனர். அங்ஙனம் ஈடு வைத்த வீடு கைநழுவாமல் மீள்வது எப்படி என்பதை ஈண்டு ஆராய்வோம்.

அடமானமா, கிரயமா?

கடன் கொடுப்போர் சிலர், “கிரயப் பத்திரமாக எழுதிக் கொடு, பணம் தந்ததும் திருப்பி எழுதித் தருகிறேன்” என்பர். இதற்கு நாம் ஒருபோதும் இணங்கலாகாது. 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின்படி, அடமானம் வைத்தவர் கடனைச் செலுத்திச் சொத்தை மீட்கும் உரிமை உடையவர். கிரயம் செய்தவருக்கோ அவ்வுரிமை இல்லை. திருப்பித் தரும் நிபந்தனை அதே பத்திரத்தில் எழுதப்படாவிடின், அதனை அடமானமாகக் கொள்ள இயலாது என 1929ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகிறது. வாய்ச்சொல்லை நீதிமன்றத்தில் மெய்ப்பிப்பது மிகக் கடினம். ஆகவே கையொப்பமிடுமுன் பத்திரத்தின் தலைப்பையும் நிபந்தனைகளையும் எழுத்தறிந்த ஒருவரைக் கொண்டு படிக்கச் செய்து கேட்டல் வேண்டும்.

வட்டிக் கணக்கு

2,00,000 ரூபாயை நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டிக்கு வாங்குவதாகக் கொள்வோம். மாத வட்டி 6,000 ரூபாய். பத்தாண்டுகளில் 7,20,000 ரூபாய் கட்டியும் அசல் அப்படியே நிற்கும். இதே தொகையை ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில், பத்தாண்டுத் தவணையில் வங்கியில் பெற்றால், மாதந்தோறும் ஏறத்தாழ 2,870 ரூபாய் செலுத்தினால் போதும். முடிவில் மொத்தம் சுமார் 3,44,000 ரூபாயுடன் அசலும் வட்டியும் தீர்ந்துவிடும்.

கடனை மாற்றுதல்

வட்டி மிகுந்த கடனைக் குறைந்த வட்டிக் கடனால் அடைப்பது அறிவுடைமை. இதற்குப் பட்டா, மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, வீட்டுவரி ரசீது ஆகியவை தேவை. ஊதியம் வங்கிக் கணக்கில் வரவாகுமாயின், அது வருமானத்திற்குச் சான்றாகும். அரசு அளித்த மனைப்பட்டாவாயின், ஈடு வைப்பது பற்றி அதில் உள்ள நிபந்தனையை முதலில் பார்த்தல் வேண்டும்.

வங்கிக் கடனையும் வேறு வங்கிக்கு மாற்றலாம். மாறும் வட்டியில் தனிநபர் பெற்ற வீட்டுக்கடனை முன்கூட்டி அடைப்பதற்கு வங்கிகள் தனிக் கட்டணம் வாங்கலாகாது என்று ரிசர்வ் வங்கி 2012இல் ஆணையிட்டது. ஆயினும் புதிய கடனுக்குரிய ஆய்வுக் கட்டணமும் பதிவுச் செலவும் உண்டு. இவற்றைக் கழித்த பின்னும் வட்டியில் மிச்சம் நின்றால் மட்டுமே மாற்றுதல் நன்று. மாதத் தவணை குறைகிறது என்று மகிழ்ந்து ஆண்டுகளை நீட்டிக்கொண்டால், மொத்த வட்டி கூடிவிடும் என்பதையும் மறத்தலாகாது.

கடன் தீர்ந்த பின்னர்

கடைசித் தவணை கட்டியதும் கடமை முடிந்தது எனப் பலர் இருந்துவிடுகின்றனர். இது பெருந்தவறு. அடமானம் தீர்ந்ததற்கான ரசீதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்து, வில்லங்கச் சான்றில் அது ஏறியுள்ளதா எனப் பார்த்தல் வேண்டும். 2023 டிசம்பர் 1 முதல், கடன் முழுதும் தீர்ந்த 30 நாட்களுக்குள் வங்கி மூலப்பத்திரங்களைத் திருப்பித் தருதல் வேண்டும். வங்கியின் தவற்றால் தாமதம் ஏற்படின், நாள் ஒன்றுக்கு 5,000 ரூபாய் கடன் பெற்றவருக்கு ஈட்டுத்தொகையாக வழங்க வேண்டும்.

நினைவிற் கொள்க

1. கடனுக்குக் கிரயம் எழுதாதீர்.
2. வெற்றுத் தாளில் கையொப்பமிடாதீர்.
3. செலுத்தும் ஒவ்வொரு தொகைக்கும் ரசீது பெறுக.
4. பத்திரங்களின் நகலை வீட்டில் வைத்திருங்கள்.
5. கணவனும் மனைவியும் கலந்து பேசிய பின்னரே கடன் பெறுக.

உழைத்துக் கட்டிய வீடு மக்களுக்கும் நிலைத்தல் வேண்டும். அதற்குச் சுவரின் உறுதி மட்டும் போதாது. பத்திரத்தின் உறுதியும் வேண்டும்.